கேண்டிடா பூஞ்சையின் ஒரு மரபணு நோய்க்குத் துணைபோகிறதா? மெழுகுப்புழுவில் சோதிக்கும் முறை

கேண்டிடா ஆல்பிகன்ஸ் பலருடைய வாயிலும் குடலிலும் எந்தத் தொந்தரவும் தராமல் வாழும் ஈஸ்ட். கீமோதெரபி எடுப்பவர், ஐசியூவில் ரத்தக்குழாயில் டியூப் பொருத்தப்பட்டவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை என உடலின் காவல் தளர்ந்தவர்களிடம் அதே ஈஸ்ட் ரத்தத்தில் இறங்கி சிறுநீரகம் வரை போய்விடும். அப்படிப் போவதற்கு அதன் எந்த மரபணு உதவுகிறது என்று தெரிந்தால், மருந்து தேடுபவர்களுக்கு ஓர் இலக்கு கிடைக்கும்.

'இந்த மரபணுதான் காரணம்' என்று சொல்ல என்ன சான்று வேண்டும் என்பதை 1988-இல் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ வரையறுத்தார். நோய் உண்டாக்கும் வகைகளில் அந்த மரபணு இருக்க வேண்டும். அதை நீக்கினால் வீரியம், அதாவது நோய் உண்டாக்கும் திறன், குறைய வேண்டும். திரும்ப வைத்தால் வீரியம் திரும்ப வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும் இந்த மூன்றில், மூன்றாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. கீழே வரும் முறை மூன்றையும் நிறைவேற்றுவதற்கானது. பூஞ்சை கேண்டிடா ஆல்பிகன்ஸ், விலங்கு மெழுகு அந்துப்பூச்சியின் புழு, அதாவது கேலேரியா மெலோனெல்லா.

முதலிலேயே ஒன்று. புழுவுக்கு ஊசி போடுவது அரை நாள் வேலை. ஊசியில் ஏற்றும் ஸ்ட்ரெய்னை, அதாவது பூஞ்சையின் குறிப்பிட்ட மரபுவகையை, நம்பும்படி உருவாக்கத்தான் மாதங்கள் பிடிக்கும். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை புழுவிடத்தில் பிறப்பதில்லை, ஸ்ட்ரெய்னிடத்தில் பிறக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் நீளமாக நிற்கிறது.

மரபணு மாற்றிய நுண்ணுயிரி என்பதால் இந்தியாவில் இந்த வேலைக்கு உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். ஆய்வகம் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு கொண்டதாக இருக்க வேண்டும். புழு முதுகெலும்பற்றது என்பதால் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தேவைப்படாது. எலிக்குப் போகும்போது அதுவும் கட்டாயம்.

ஸ்ட்ரெய்ன்: எல்லாம் இங்கேதான்

கேண்டிடா ஆல்பிகன்ஸ் இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்டது. ஒரு மரபணுவை முழுதாக நீக்க இரண்டு பிரதிகளையும் எடுக்க வேண்டும். பேக்கரி ஈஸ்ட்டைப் போல இனக்கலப்பு செய்து வித்துகளைப் பிரித்தெடுக்கும் வசதி இங்கே இல்லை. போதாக்குறைக்கு, மற்ற உயிர்கள் லியூசின் என்ற அமினோ அமிலமாகப் படிக்கும் சியூஜி என்ற மூன்றெழுத்து மரபுக் குறியீட்டை இது பெரும்பாலும் செரின் என்று படிக்கிறது. மற்ற உயிரிலிருந்து எடுத்த மருந்து எதிர்ப்பு மரபணுவோ, ஒளிரும் புரதமோ, டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9 நொதியோ அப்படியே வைத்தால் வேலை செய்யாமல் போகலாம். கேண்டிடாவுக்காகக் குறியீடு மாற்றி எழுதிய பதிப்பை மட்டுமே வாங்குங்கள்.

எந்த அடையாள மரபணுவை (டிஎன்ஏ ஏறிய செல்லைப் பிரித்துக் காட்டும் மரபணுவை) கொண்டு நீக்குவது என்பதில்தான் இந்தத் துறை பெரிய பாடம் கற்றது. 1993-இல் வந்த யூரா-பிளாஸ்டர் முறையில், யுராசில் தயாரிக்க உதவும் யூஆர்ஏ3 மரபணு இல்லாத சிஏஐ4 ஸ்ட்ரெய்னில் நாம் நீக்கும் மரபணுவின் இடத்திலேயே யூஆர்ஏ3-ஐ நுழைப்பார்கள். பல ஆண்டுகள் எல்லோரும் அதையே செய்தார்கள். யூஆர்ஏ3 எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பொறுத்து அதன் வெளிப்பாடு கூடும், குறையும் என்பதும், குறைந்தால் அதுவே எலியில் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நீக்கிய மரபணுவால் வலுவிழந்ததா, இடம் மாறிய யூஆர்ஏ3-ஆல் வலுவிழந்ததா என்று பிரிக்க முடியாத முடிவுகள் குவிந்தன. பழைய கட்டுரையை நம்பி வேலை தொடங்கும் முன், அதில் யூஆர்ஏ3 எங்கே வைக்கப்பட்டது என்று பாருங்கள். ஆர்பிஎஸ்1 போன்ற ஒரே பொது இடத்தில் எல்லா ஸ்ட்ரெய்னுக்கும் வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை 2004-இல் வந்த சாட்1 ஃப்ளிப்பர். நோர்சியோத்ரிசின் என்ற மருந்துக்கு எதிர்ப்புத் தரும் சாட்1 மரபணுவும், வேலை முடிந்ததும் தன்னைத் தானே வெட்டி வெளியேற்றும் எஃப்எல்பி நொதியும் ஒரே துண்டில் இருக்கும். ஊட்டச்சத்துக் குறைபாடு எதுவும் இல்லாத எஸ்சி5314 ஸ்ட்ரெய்னிலேயே நேராக வேலை செய்யலாம் என்பது இதன் பெரிய வசதி. மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்ட ஸ்ட்ரெய்னும் அதுதான்.

இலக்கு மரபணுவின் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் 300 முதல் 500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளமுள்ள துண்டுகளை பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) எடுத்து ஃப்ளிப்பரின் இருபுறமும் ஒட்டுங்கள். பக்கத்து மரபணுவின் புரொமோட்டரை (அதை இயக்கிவைக்கும் பகுதியை) வெட்டிவிடாதபடி எல்லையைத் தேர்ந்தெடுங்கள். கேண்டிடா ஜீனோம் டேட்டாபேஸில் அக்கம்பக்கத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் விட்டு, பக்கத்து மரபணு செத்ததைத் தன் மரபணுவின் விளைவு என்று நினைத்து மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

டிஎன்ஏவை உள்ளே செலுத்த லித்தியம் அசிடேட் முறை போதும். புதிதாக வளர்த்த செல்களை 0.1 மோலார் லித்தியம் அசிடேட்டில் கழுவி, கொதிக்கவைத்துக் குளிர்வித்த கேரியர் டிஎன்ஏ, 1 முதல் 3 மைக்ரோகிராம் நேர்கோடாக வெட்டிய துண்டு, 40 சதவீத பெக் 3350 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) ஆகியவற்றோடு கலந்து 30 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 44 டிகிரியில் 15 நிமிடம். பிறகு மருந்தில்லாத ஒய்பிடி வளர்ப்புத் திரவத்தில் 4 மணி நேரமாவது வளரவிட்டு, மில்லிக்கு 200 மைக்ரோகிராம் நோர்சியோத்ரிசின் கொண்ட ஒய்பிடி தட்டில் பரப்புங்கள். இந்த 4 மணி நேரத்தைச் சுருக்கினால் எதிர்ப்புப் புரதம் உருவாகும் முன்பே செல் மருந்தைச் சந்திக்கும், தட்டு காலியாக இருக்கும்.

முதல் பிரதி போனதும் அடையாள மரபணுவை வெளியேற்ற வேண்டும். எஃப்எல்பி நொதி மால்ட்டோஸால் தூண்டப்படுவது. 2 சதவீத மால்ட்டோஸ் உள்ள ஒய்பிஎம் திரவத்தில் ஓர் இரவு வளர்த்து, சுமார் நூறு செல்களை மில்லிக்கு 25 மைக்ரோகிராம் மருந்து மட்டும் உள்ள தட்டில் பரப்பி இரண்டு நாள் பொறுங்கள். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு அளவில் காலனிகள் தெரியும். ரவைபோலப் பொடியாக இருப்பவை சாட்1-ஐ இழந்தவை. மிளகளவு பருத்தவை இன்னும் வைத்திருப்பவை. பொடியானவற்றை எடுத்து, 200 மைக்ரோகிராம் தட்டில் வளரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு இரண்டாம் பிரதிக்குப் போங்கள்.

இரண்டாவது சுற்றில் ஒரு சிக்கல் உண்டு. துண்டின் இருமுனைகளும் ஏற்கெனவே நீக்கிய பிரதிக்கும் பொருந்தும். அதனால் பல காலனிகளில் ஃப்ளிப்பர் பழைய இடத்திலேயே மறுபடி உட்கார்ந்திருக்கும். ஒரு டஜன் காலனிகளையாவது சோதியுங்கள்.

சோதிப்பது மூன்று பிசிஆர். முன் இணைப்பு சரியா, பின் இணைப்பு சரியா, மரபணுவின் உள்பகுதி எங்கேயாவது மிச்சமிருக்கிறதா. மூன்றாவதுதான் உயிர்நாடி. வளர்வதற்கு அவசியமான மரபணுவை நீக்க முயன்றால் கேண்டிடா குரோமோசோமையே கூடுதலாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தப்பிக்கும். இரு இணைப்புகளும் அழகாக வரும், உள்பகுதியும் வரும். உள்பகுதி வந்தால் அந்தக் காலனியைத் தூக்கிப் போடுங்கள்.

உள்பகுதி வராவிட்டாலும் வேலை முடியவில்லை. டிஎன்ஏ செலுத்தும் போதே வேறு குரோமோசோம்களில் எண்ணிக்கை மாற்றமும், ஒரு பிரதி மற்றொன்றின் நகலாகிவிடும் மாற்றமும் நடக்கின்றன. இவை வீரியத்தைத் தாமாகவே மாற்றக்கூடியவை. முழு மரபணுத்தொகுதி வாசிப்பு இன்று பெரிய செலவில்லை. இறுதி ஸ்ட்ரெய்ன்கள் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு குரோமோசோமின் வாசிப்பு ஆழமும் சமமா என்று பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால், வெவ்வேறு ஒற்றைப்பிரதி ஸ்ட்ரெய்ன்களிலிருந்து தனித்தனியாக உருவான இரண்டு நீக்கவகைகளாவது (மரபணு நீக்கிய ஸ்ட்ரெய்ன்கள்) கையில் இருக்க வேண்டும். ஒன்று வலுவிழந்து மற்றொன்று இழக்கவில்லையென்றால், காரணம் உங்கள் மரபணு அல்ல.

அடுத்து மீட்பு வகை. மரபணுவை அதன் சொந்தப் புரொமோட்டரோடு சேர்த்து, சாட்1 உதவியுடன், பழைய இடத்திலேயே ஒரு பிரதி திரும்ப வையுங்கள். மாற்றம் செய்யாத இயல்வகையில் இரண்டு இருக்க இங்கே ஒன்றுதான் என்பதால் வீரியம் முழுதாகத் திரும்பாமல் பாதி திரும்பலாம். அது தோல்வியல்ல. ஆனால் துளியும் திரும்பவில்லையென்றால் கட்டுரை எழுத உட்காராதீர்கள். ஸ்ட்ரெய்னுக்குத் திரும்பிப் போங்கள்.

தயார்நிலை நீக்கவகைத் தொகுப்பும் உண்டு. 2010-இல் வெளிவந்த தொகுப்பில் அறுநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் ஃபங்கல் ஜெனட்டிக்ஸ் ஸ்டாக் சென்டர் வழியாகப் பெறலாம். முதல் சல்லடைக்கு மிக நல்லது. அவை அர்ஜினின் தயாரிக்க இயலாத எஸ்என்152-இலிருந்து வந்தவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒப்பிட வேண்டியது அதே பின்னணியில் ஹெச்ஐஎஸ்1, எல்இயூ2 மரபணுக்களை மட்டும் திரும்ப வைத்த எஸ்என்250-ஓடு. எஸ்சி5314-ஓடு ஒப்பிட்டால் அர்ஜினின் குறைபாட்டின் விளைவும் மரபணுவின் கணக்கில் ஏறிவிடும்.

முடிந்த ஸ்ட்ரெய்ன்களை அன்றே 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80-இல் பல குழாய்களாக வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் உறைந்த குழாயிலிருந்து புதிதாகக் கீறுங்கள். ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கிடந்த தட்டிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஊசிக்கு முன் வளர்ச்சி வேகம்

37 டிகிரியில் ஒய்பிடியில் மெதுவாக வளரும் ஸ்ட்ரெய்ன் புழுவிலும் மெதுவாகத்தான் கொல்லும். அதை 'வீரிய மரபணு' என்று அழைப்பதில் பொருளில்லை. இயல்வகை, நீக்கவகை, மீட்பு வகை மூன்றின் வளர்ச்சிக் கோட்டை 30 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 10 சதவீத சீரம் கலந்த திரவத்தில் 37 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து, இழை (நீண்ட நூல்போன்ற வளர்ச்சி) விடுகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இழை விடுவதை இயக்கும் ஈஎஃப்ஜி1, சிபிஹெச்1 மரபணுக்கள் இரண்டையும் இழந்த இரட்டை நீக்கவகை இழை விடாது. 1997-இல் அது எலியைக் கொல்லவில்லை என்று காட்டப்பட்டது இத்துறையில் ஒரு திருப்பம். அந்த ஸ்ட்ரெய்ன் கிடைத்தால் உங்கள் புழுச் சோதனையில் 'வலுவிழந்தது' என்பதற்கான அளவுகோலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புழு

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்கு இந்தப் புழுவை நன்றாகத் தெரியும். வலுக்குறைந்த பெட்டியில் புகுந்து அடைகளைத் துளைத்து வலைபின்னும் மெழுகுப்பூச்சியின் புழுதான் இது. ஆய்வகத்துக்கு ஏன் இது? 37 டிகிரியைத் தாங்கும். பழ ஈயால் அது முடியாது. கையில் பிடித்துக் கணக்கான அளவு ஊசி போடுமளவு பெரிது. அதன் ரத்த அணுக்கள் நம் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களைப் போலப் பூஞ்சையை விழுங்கி, ஆக்சிஜன் நச்சுகளை உமிழ்ந்து கொல்கின்றன. ஆன்டிபாடியும் டி செல்லும் இல்லை. கேண்டிடா நீக்கவகைகள் எலியில் காட்டும் வீரிய வரிசையும் புழுவில் காட்டும் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போவது 2002-இலேயே காட்டப்பட்டது.

பூச்சியியல் ஆய்வகங்களிலிருந்து வாங்கலாம், நாமே வளர்க்கவும் செய்யலாம். மக்காச்சோள மாவு 200 கிராம், கோதுமை மாவு, கோதுமைத் தவிடு, பால்பவுடர் தலா 100 கிராம், ஈஸ்ட் பவுடர் 50 கிராம், தேன் 175 மில்லி, கிளிசரின் 175 மில்லி சேர்த்துப் பிசைந்தால் உதிரியான தீனி கிடைக்கும். 28 முதல் 30 டிகிரி, இருட்டு, கம்பிவலை மூடிய கண்ணாடி ஜாடி. பிளாஸ்டிக் டப்பாவை ஒரே இரவில் கடித்து வெளியே வந்துவிடும். மீன்பிடித் தூண்டிலுக்கென்று விற்கும் புழு வேண்டாம். அதன் வயதும் அதற்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்பதும் தெரியாது.

கடைசிப் பருவத்தில், 250 முதல் 350 மில்லிகிராம் எடையுள்ள, வெண்ணெய் நிறத்தில் கரும்புள்ளி இல்லாத, தொட்டால் சுருண்டு ஓடும் புழுக்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் 200 மில்லிகிராம் புழுவும் 350 மில்லிகிராம் புழுவும் ஒரே அளவு ஊசியை ஒரேபோலத் தாங்காது. மரத்தூளில் 15 டிகிரியில் இருட்டில் ஒரு வாரம் வரை வைக்கலாம். வாரக்கணக்கில் குளிரில் கிடந்த புழுவின் எதிர்ப்பு குன்றிவிடும்.

இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. குலுக்குவது, முன்கூட்டியே 37 டிகிரியில் ஒரு நாள் வைப்பது போன்ற அதிர்ச்சிகள் புழுவின் எதிர்ப்பைத் தற்காலிகமாக உயர்த்தும். பட்டினி தாழ்த்தும். கூரியரில் குலுங்கி வந்த புழுவை அன்றே பயன்படுத்தாமல் ஒரு நாள் அமைதியாக வைத்துப் பிறகு எடுங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே தொகுதிப் புழுவாக, ஒரே வரலாறு உடையதாக இருக்கட்டும்.

செல் எண்ணிக்கை

ஒற்றைக் காலனியை 5 மில்லி ஒய்பிடியில் 30 டிகிரியில் 200 சுழற்சியில் இரவு முழுக்க வளர்க்கவும். 37-இல் வளர்த்தால் இழைகள் தோன்றி ஊசியை அடைக்கும். மையவிலக்கியில் சுழற்றி, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மூன்றுமுறை கழுவுங்கள். கழுவாமல் விட்டால் பழைய திரவத்தில் மிதக்கும் நொதிகளும் நச்சும் சேர்ந்து உள்ளே போகும்.

எண்ணுவது ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டக் கண்ணாடி). ஒரு கணக்கு பார்ப்போம். 100 மடங்கு நீர்த்த கரைசலில் நடுவிலுள்ள 25 கட்டங்களில் மொத்தம் 212 செல்கள். 212-ஐப் பத்தாயிரத்தாலும் 100-ஆலும் பெருக்கினால் மில்லிக்கு 21.2 கோடி. நமக்குத் தேவை புழுவுக்கு 5 லட்சம், அதுவும் 10 மைக்ரோலிட்டரில். அதாவது மில்லிக்கு 5 கோடி. 5-ஐ 21.2-ஆல் வகுத்தால் 0.236. ஆக 236 மைக்ரோலிட்டர் செல்களும் 764 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ஸும் சேர்த்தால் 1 மில்லி தயார். தாய்செல்லின் பாதியளவுகூட வளராத மொட்டைத் தனியாக எண்ணாதீர்கள். எந்த விதி வைத்தாலும் எல்லா ஸ்ட்ரெய்னுக்கும் அதே விதி.

எண்ணியதை நம்பிவிட வேண்டாம். அந்த 1 மில்லியை ஒரு லட்சம் மடங்கு நீர்த்து 200 மைக்ரோலிட்டர் தட்டில் பரப்புங்கள். 100 காலனிக்கு அருகில் வர வேண்டும். ஒரு ஸ்ட்ரெய்னில் 100, மற்றொன்றில் 55 வந்தால் சோதனை செல்லாது. இது நேர்வது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகும் நீக்கவகைகளில். செல்சுவர் மரபணுக்களில் கைவைத்தவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். சில விநாடி மென்மையான சோனிகேஷன் (ஒலியலை அதிர்வு) கட்டியைப் பிரிக்கும். அப்படிச் செய்தால் இயல்வகைக்கும் அதையே செய்யுங்கள்.

5 லட்சம் என்பது தொடக்கம்தான். உங்கள் புழுத் தொகுதியில் இயல்வகையை மட்டும் வைத்து 1 லட்சம், 2.5 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று ஒரு ஏணி போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 80 முதல் 100 சதவீதம் சாகும் மிகக் குறைந்த அளவே உங்களுக்கு உரியது. அதற்கு மேலே போனால் வலுவிழந்த ஸ்ட்ரெய்னும் எண்ணிக்கை பலத்தால் கொன்றுவிடும், வித்தியாசம் மறைந்துவிடும்.

ஊசி

ஒரு குழுவுக்கு 20 புழு. குழுக்கள்: தொடாதது, பிபிஎஸ் மட்டும், இயல்வகை, நீக்கவகை, மீட்பு வகை, சூட்டில் கொன்ற இயல்வகை. எல்லாவற்றையும் வேறு வேறு நாளில், வேறு வேறு வளர்ப்பிலிருந்து மூன்றுமுறை. டப்பாவிலிருந்து முதலில் கையில் சிக்குவது சோம்பலான புழுவாக இருக்கும் என்பதால், புழுக்களைச் சீட்டுப் போட்டோ வரிசையாகச் சுழற்றியோ தட்டுகளில் பிரித்துப் போடுங்கள். செல் குழாய்களில் ஸ்ட்ரெய்ன் பெயர் வேண்டாம். வேறொருவர் அ, ஆ, இ என்று எழுதித் தரட்டும்.

26 கேஜ் ஹாமில்டன் சிரிஞ்சு சிறந்தது. இன்சுலின் சிரிஞ்சும் பயன்படும், ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும்போது கவனம். ஆரஞ்சு மூடி போட்ட யூ-100 சிரிஞ்சில் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர். சிவப்பு மூடி போட்ட யூ-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர். மாறிப்போனால் எல்லாப் புழுவும் இரண்டரை மடங்கு வாங்கும்.

புழுவை ஐஸ்மேல் வைத்த பெட்ரித் தட்டில் சில நிமிடம் அடக்கி, வடிதாளில் மல்லாக்கப் பிடியுங்கள். மார்பிலுள்ள மூன்று இணை உண்மைக் கால்களை விட்டுக் கீழே வந்தால் வயிற்றில் தடித்த போலிக்கால்கள் தெரியும். அவற்றில் கடைசி இடது காலை 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஊசிமுனையைக் காலின் நடுவில் வைத்து, உடலுக்குச் சாய்வாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, மெதுவாக 10 மைக்ரோலிட்டர் இறக்கி, ஒரு விநாடி பொறுத்து வெளியே எடுங்கள். சரியாகப் போயிருந்தால் கால் லேசாகப் புடைத்து, ஒரு சொட்டுக்கும் குறைவான வெளிர்மஞ்சள் ரத்தம் எட்டிப்பார்க்கும். பழுப்பாக ஏதாவது வந்தால் குடலைக் குத்திவிட்டீர்கள். அந்தப் புழுவை அப்போதே விலக்குங்கள், பிறகு அல்ல. புழு துள்ளும்போது ஊசி விரலில் ஏறாதபடி சாமணத்தால் பிடிக்கவும்.

ஈஸ்ட் குழாயின் அடியில் சீக்கிரம் படியும். ஒவ்வொரு தடவை சிரிஞ்சு நிரப்பும் முன்பும் குழாயை வோர்ட்டெக்ஸில் சுழற்றுங்கள். இல்லையென்றால் முதல் புழுவுக்கும் இருபதாவது புழுவுக்கும் போன அளவு வேறாகிவிடும். ஸ்ட்ரெய்ன் மாறும்போது சிரிஞ்சை ஆல்கஹாலில் மூன்றுமுறையும், பிறகு பிபிஎஸ்ஸில் ஐந்துமுறையும் கழுவுங்கள். மிஞ்சிய ஆல்கஹால் அடுத்த ஸ்ட்ரெய்னைக் கொல்லும். பிபிஎஸ் குழுவை முதலில் போடுங்கள். மற்றவற்றின் வரிசையை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள்.

தட்டின் அடியில் வடிதாள், தீனி இல்லை, 37 டிகிரி, இருட்டு.

பார்ப்பதும் எண்ணுவதும்

24 மணி நேரத்துக்கு ஒருமுறை, 5 முதல் 7 நாள். முதல் இரண்டு நாள் 12 மணிக்கு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான். சாமணத்தின் முனையால் தலைப்பக்கம் தொட்டு, அசைவே இல்லையென்றால் இறந்தது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் மெலனின் படிந்து முதுகில் சாம்பல் புள்ளிகள் வரும், பிறகு கருக்கும். கரிக்கட்டைபோல இருக்கும் புழு தொட்டதும் தலையைத் திருப்பும். அது உயிரோடு இருக்கிறது. கருமையைத் தனி மதிப்பெண்ணாகக் குறித்துவையுங்கள், அது நோயெதிர்ப்பு எவ்வளவு கிளர்ந்தது என்பதைச் சொல்லும்.

நாலாம் ஐந்தாம் நாளில் சில கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். அவற்றைச் செத்தவை என்றும் எழுதக்கூடாது, இறுதிவரை பிழைத்தவை என்றும் எழுதக்கூடாது. அந்த நாளோடு கணக்கிலிருந்து விலகியதாகப் பதியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சாவது ஊசிக் காயத்தால். எத்தனை மணி நேரம் என்ற எல்லையைச் சோதனைக்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பிபிஎஸ் குழுவில் 20-இல் 2-க்கு மேல் செத்தால் அன்றைய சோதனை முழுவதும் செல்லாது. நீக்கவகை அழகாகப் பிழைத்திருந்தாலும் செல்லாது.

முடிந்த புழுக்களை மைனஸ் 20-இல் இரவு முழுக்க வைத்து, பிறகு ஆட்டோகிளேவ் செய்து அப்புறப்படுத்துங்கள்.

உடலுக்குள் எவ்வளவு பூஞ்சை?

பிழைத்தல் கோடு 'என்ன நடந்தது' என்று மட்டும் சொல்லும். நீக்கவகை அழிக்கப்பட்டதா, இருந்தும் கொல்லவில்லையா என்று அறிய, 24 மணி நேரத்தில் குழுவுக்கு 5 உயிருள்ள புழுவை எடுத்து, ஆல்கஹாலில் நனைத்து, 1 மில்லி பிபிஎஸ்ஸில் அரைத்து, நீர்த்து, குளோரம்ஃபெனிகால் சேர்த்த சபுரோ (பூஞ்சை வளர்ப்பு) தட்டில் பரப்பவும். மருந்து இல்லாவிட்டால் புழுவின் குடலில் வாழும் எண்டெரோகாக்கஸ் பாக்டீரியா தட்டை மூடிவிடும். இதற்கான புழுக்களைப் பிழைத்தல் குழுவிலிருந்து எடுக்காமல் தனியாக ஒதுக்குங்கள்.

இங்கே ஒரு பொறி. இயல்வகை புழுவுக்குள் நீண்ட இழையாக வளர்ந்திருக்கும். பத்து செல் கொண்ட ஓர் இழை தட்டில் ஒரே காலனிதான். இழை விடாத நீக்கவகையின் பத்து செல்கள் பத்துக் காலனி. ஆகவே கொல்லாத நீக்கவகைக்குப் பூஞ்சைச் சுமை அதிகம் என்ற விசித்திரமான முடிவு வரலாம். இழை சம்பந்தப்பட்ட மரபணு என்றால் பூஞ்சை டிஎன்ஏவை குவாண்டிட்டேட்டிவ் பிசிஆரிலும் அளந்து, திசுவை வெட்டிச் சாயமேற்றியும் பாருங்கள். இழை விடுவது மட்டுமே கொல்லப் போதாது என்பதும் புழுவிலேயே தெரிந்த உண்மை. டிஇசி1 மரபணுவை இழந்த வகை புழுவுக்குள் இழை விட்டும் வீரியம் குறைந்திருந்தது.

கணக்கு எளிது. நாள்வாரியாக எத்தனை பிழைத்தன என்று காட்டும் கப்லான்–மெயர் கோடு வரைந்து, கோடுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனை. இயல்வகை–நீக்கவகை, நீக்கவகை–மீட்பு வகை, இயல்வகை–மீட்பு வகை என்று மூன்று ஒப்பீடு செய்தால் பி மதிப்பின் எல்லையை 0.05-இலிருந்து 0.017-க்கு இறக்குங்கள். மூன்று நாள் சோதனைகளின் கோடுகளையும் தனித்தனியாகவும் காட்டுங்கள். ஒரு நாள் மட்டும் பெரிய வித்தியாசம் காட்டி மற்ற இரண்டு நாள் ஒன்றும் காட்டாததை ஒன்றாகச் சேர்த்து மறைப்பது நேர்மையல்ல.

எலிக்கு எப்போது?

புழுவில் மூன்றுமுறையும் தெளிவாகத் தெரிந்த, மீட்பு வகை மீண்டுவந்த மரபணுவை மட்டும் எலிக்குக் கொண்டுபோங்கள். வால் சிரைவழியே செலுத்தும் முறையில் கேண்டிடா முக்கியமாகச் சிறுநீரகத்தில் தங்கும். புழுவுக்குச் சிறுநீரகமே இல்லை என்பதால் இந்தக் கட்டம் வேண்டியிருக்கிறது. எடை 20 சதவீதம் குறைந்த எலியைச் சாகும்வரை விடாமல் வலியின்றி முடிக்க வேண்டும் என்பது போன்ற எல்லைகளை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மூன்றாம் நாள் சிறுநீரகப் பூஞ்சைச் சுமையை அளந்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும், சாவை எண்ணத் தேவையிருக்காது. விலங்கு எண்ணிக்கையை இன்னும் குறைக்க, இயல்வகையையும் நீக்கவகையையும் சமமாகக் கலந்து ஒரே எலிக்குச் செலுத்தி, வெளியே வரும் விகிதத்தை உள்ளே போன விகிதத்தால் வகுக்கலாம். 1-க்குக் கீழே வந்தால் நீக்கவகை தோற்கிறது.

முடிவை எழுதும்போது மரபணுவின் பெயரோடு விலங்கு, செலுத்திய வழி, அளவு, வெப்பநிலை நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். ரத்தவழித் தொற்றில் ஈஎஃப்ஜி1 இல்லாமல் கேண்டிடா வலுவிழக்கிறது. அதே ஈஎஃப்ஜி1-ஐ இழந்த வகை, ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலியின் குடலில் இயல்வகையைப் பின்னுக்குத் தள்ளிப் பெருகுகிறது.